ஆழ்சுத்தத்துக்குப் பின் ஆறு வாரங்கள்: ஈறு மீண்டும் ஒட்டும்வரை வாயைப் பேணும் முறை

‘டீப் க்ளீனிங்’, அதாவது ஈறு நோய்க்கான ஆழ்சுத்தம், என்று பல் மருத்துவர் எழுதித் தந்த சீட்டுடன் முதல் அமர்வை முடித்துக்கொண்டு, பாதி வாய் மரத்துப்போன நிலையில் வீடு திரும்பியவருக்காக இதை எழுதுகிறேன். சிகிச்சை நாற்காலியில் கழிந்தது ஏறத்தாழ ஒரு மணி நேரம்; அதன் பலன் தெரிய ஆறு வாரம் ஆகும். அந்த ஆறு வாரத்தில் பல் கூசும், பற்களுக்கு நடுவே இதுவரை இல்லாத இடைவெளி தெரியும், சிலருக்குப் பல் இலேசாக அசைவது போலவும் இருக்கும். ‘நன்றாக இருந்த பல்லைச் சுரண்டிக் கெடுத்துவிட்டார்கள்’ என்று முடிவுகட்டித் துலக்குவதைக் குறைத்துக்கொள்வோரும், அடுத்த அமர்வுக்குப் போகாமல் நின்றுவிடுவோரும் நம்மிடையே குறைவில்லை. ஆகவே என்ன செய்ய வேண்டும் என்பதோடு, ஏன் அப்படி நேர்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஈறுக்கு அடியில் நடந்தது

சாதாரண ஸ்கேலிங் ஈறுக்கு மேலே தெரியும் காரையை, அதாவது பல்லில் படிந்து கல்லாக இறுகிய அழுக்கை, எடுப்பது. ஆழ்சுத்தம் ஈறுக்கு அடியில், பல்லின் வேரைச் சுற்றிப் படிந்திருக்கும் காரையை எடுத்து வேர்ப்பரப்பை வழவழப்பாக்குவது. மருத்துவர்கள் இதனை ‘ரூட் பிளானிங்’ என்பார்கள். நலமான ஈறுக்கும் பல்லுக்கும் இடையே 1 முதல் 3 மில்லிமீட்டர் ஆழமுள்ள சிறு பள்ளம் எல்லாருக்கும் உண்டு. ஈறு நோயில் அந்தப் பள்ளம் 4, 5, 6 என்று ஆழமாகிப் பை போலாகிவிடுகிறது. அதற்குப் ‘பாக்கெட்’ என்றே பெயர். பல்துலக்கியின் இழைகள் ஓரிரு மில்லிமீட்டருக்குக் கீழே எட்டுவதில்லை என்பதால், அதற்கடியில் சேர்ந்ததை நாம் எவ்வளவு துலக்கினாலும் எடுக்க முடியாது.

மில்லிமீட்டர் கோடுகள் இட்ட மெல்லிய கம்பியால் உங்கள் ஈறுகளைச் சுற்றிக் குத்திப் பார்த்து, மருத்துவர் ஏதோ எண்களைச் சொல்லச் சொல்ல உதவியாளர் எழுதியிருப்பார். ஒரு பல்லுக்கு வெளிப்புறம் மூன்று, உட்புறம் மூன்று என ஆறு எண்கள் இருக்கும். ‘3, 2, 5’ என்று இருந்தால் அந்தப் பல்லின் ஓரத்தில் ஓரிடத்தில் 5 மில்லிமீட்டர் பை இருக்கிறது என்று பொருள். அந்தத் தாளின் நகலையோ கைபேசியில் ஒரு படத்தையோ கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் இது தேவைப்படும்.

காரை நீங்கிய வேரின்மேல் ஈறின் உள்தோல் ஓரிரு வாரத்தில் படிந்து ஒட்டத் தொடங்கும். அதற்குக் கீழுள்ள நார்த்திசு இறுகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகிறது. இந்த ஒட்டுதலுக்கு இடையூறாக மறுபடியும் அழுக்குப் படலம் சேராமல் பார்த்துக்கொள்வதுதான் இனி உங்கள் பங்கு. கீழே சொல்லப்படுபவை யாவும் அதற்காகவே.

வாய் மரத்திருக்கும்போது

கீழ்த்தாடைக்கு ஊசி போட்டிருந்தால் உதடும் நாக்கின் ஒரு பக்கமும் மூன்றிலிருந்து ஐந்து மணி நேரம் வரை மரத்திருக்கும். மேல்தாடையில் சற்று முன்பே தெளிந்துவிடும். இந்த நேரத்தில் சூடானதைக் குடிக்கவும் வேண்டாம், எதையும் மெல்லவும் வேண்டாம். எனக்கு முதல் அமர்வு முடிந்த மாலையில், ‘குடிப்பதற்கு என்ன தடை’ என்று டபராவிலிருந்த காபியை எடுத்துக் குடித்தேன். சூடு தெரியவே இல்லை. இரவு ஒன்பது மணிக்கு மரத்தது தெளிந்தபோது ஈறு வலிக்கவில்லை. கீழுதட்டின் உட்புறத்தில் பட்டாணி அளவுக்குக் கொப்புளம் எழுந்து அதுதான் எரிந்தது. ஈறு இரண்டு நாளில் சரியானது, உதடு ஆற ஒரு வாரம் ஆயிற்று. மரத்த உதட்டைத் தடித்துவிட்டதோ என்று கடித்துக் கடித்துப் பார்ப்பதும் இப்படித்தான் புண்ணில் முடியும்.

நீரிழிவுள்ளவர்கள் இங்கே கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும். இன்சுலினையோ மாத்திரையையோ வழக்கம்போல் எடுத்துக்கொண்டு, வாய் மரத்திருக்கிறது என்று உணவைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடும். ஆகையால் காலை உணவை உண்டு மருந்தையும் எடுத்துக்கொண்டு, முற்பகலிலேயே அடுத்த அமர்வை வைத்துக்கொள்வது நல்லது. இடையில் பசித்தால் ஆறிய கஞ்சியையோ மோரையோ, மரத்துப்போகாத பக்கமாகச் சிறிது சிறிதாகப் பருகலாம். வியர்வை, நடுக்கம், தலைசுற்றல் தோன்றினால் மரத்தது தெளியட்டும் என்று காத்திராமல் உடனே சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வேண்டும்.

முதல் இரவும் மறுநாளும்

உமிழ்நீர் இளஞ்சிவப்பாக வருவது ஒன்றிரண்டு நாள் இயல்பு. ஒரு சொட்டு இரத்தம் உமிழ்நீரில் கலந்தால் வாய் நிறைய இரத்தம் போலத் தோன்றும். அதைக் கண்டு அடிக்கடி காறித் துப்பினால் உறையத் தொடங்கியது மறுபடி கசியும். கசிவு தொடர்ந்தால் சுத்தமான பஞ்சுத்துணியை நனைத்துப் பிழிந்து மடித்து, அந்த இடத்தில் வைத்து இருபது நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நடுநடுவே எடுத்துப் பார்க்க வேண்டாம். தலையணையில் ஒரு பழைய துணியை விரித்துக்கொண்டு படுப்பது தலையணை உறைக்கும் மனதுக்கும் நல்லது.

வலி பெரும்பாலும் பல்வலி போல இராது; தேய்ந்த தோலின் எரிச்சல் போல இருக்கும். மருத்துவர் எழுதித் தந்த வலி மாத்திரையை மரப்பு முழுவதும் தெளிவதற்குச் சற்று முன்னரே போட்டுக்கொண்டால் இரவு நிம்மதியாகக் கழியும். வேறு நோயில்லாத பெரியவர்களுக்குப் பொதுவாகப் பாராசிட்டமால் 500 அல்லது 650 மில்லிகிராம் போதும்; இரண்டு வேளைக்கு நடுவே ஆறு மணி நேரம் இருக்க வேண்டும். ஐபுபுரொஃபென் வகை மாத்திரையை வெறும் வயிற்றில் போடக்கூடாது. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கேட்காமல் அதைத் தொடவே கூடாது. இதயத்துக்காக ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின் போன்றவற்றை எடுத்துக்கொள்பவர்கள், இரத்தம் வருகிறது என்பதற்காக அவற்றைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. ஈறிலிருந்து கசியும் இரத்தத்தை விரலால் அழுத்தி நிறுத்திவிடலாம். இதயக் குழாயில் கட்டும் இரத்தத்தை அப்படி ஒன்றும் செய்ய முடியாது.

மருந்துக் கடையில் ‘பல்லுக்குத்தான்’ என்று சொல்லி அமாக்சிசிலினும் மெட்ரோனிடசோலும் வாங்கிப் போடும் பழக்கத்தையும் இங்கே விட்டுவிட வேண்டும். ஆழ்சுத்தத்துக்குப் பின் நுண்ணுயிர்க்கொல்லி எல்லாருக்கும் தேவைப்படுவதில்லை. தேவையென்றால் மருத்துவரே எழுதுவார். மெட்ரோனிடசோல் வார்ஃபரினுடன் சேர்ந்தால் இரத்தப்போக்கு மிகும். அதை எழுதித் தந்திருந்தால் அந்த நாட்களில் மதுவும் கூடாது.

உணவு

இரண்டு மூன்று நாளைக்கு மென்மையான, மிதமான சூடுள்ள உணவு வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். இட்லி, குழைந்த தயிர் சாதம், கேழ்வரகுக் கஞ்சி, பருப்புச் சாதம், ஆவியில் வெந்த நேந்திரம்பழம், பொடிமாஸ் போன்றவை நம் வீடுகளில் எளிதாகவே கிடைப்பவை. முறுக்கு, பட்டாணி, கரும்பு, எலும்போடு கூடிய கறி ஆகியவை கூடா என்பதும் சொல்லாமலே விளங்கும். சொல்லித் தெரிய வேண்டியது வேறொன்று இருக்கிறது, அது தாளிதம்.

தயிர் சாதம் மென்மையானதுதான். அதில் தாளித்த கடுகு மென்மையானதன்று. ஒரு கடுகின் விட்டம் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர். வீக்கம் இருந்தபோது ஈறு பல்லை இறுகப் பிடித்திருந்தது. இப்போது தளர்ந்த பையின் வாய் சற்றுத் திறந்திருக்கிறது. அதில் ஒரு கடுகோ, எள்ளோ, கொய்யா விதையோ, தக்காளி விதையோ போய்ச் செருகிக்கொண்டால் நாக்குக்குத் தெரியாது. இரண்டு நாள் கழித்து அந்த ஓரிடம் மட்டும் சிவந்து தடித்து வலிக்கும்போதுதான் தெரியும். அப்போது ஊக்கையோ பல்குத்தியையோ எடுத்துக் குத்துவது அடுத்த பிழை. முதல் ஒரு வாரம் தாளிதம் இல்லாமலே சமைக்கச் சொல்லிவிடுங்கள். ரசமானால் வடிகட்டித் தெளிவை மட்டும் ஊற்றிக்கொள்ளுங்கள். பத்தியச் சாப்பாடு என்று வீட்டில் முகம் சுளித்தாலும் ஒரு வாரந்தான்.

காரம் எரிச்சலை உண்டாக்கும் என்பது தெரிந்ததே. புளிப்பு அதைவிடக் கவனிக்கத்தக்கது. பல்லின் வெளியே தெரியும் பகுதியை மூடியிருக்கும் கடினமான எனாமல் வேர்ப்பரப்பில் இல்லை. எனாமலைவிட வேர்ப்பகுதி புளிப்பில் எளிதாகக் கரையும். எலுமிச்சைச் சாறு, ஊறுகாய், குளிர்பானம் ஆகியவற்றைச் சில வாரத்துக்குக் குறைத்துக்கொண்டு, உட்கொண்டால் உடனே தண்ணீரால் கொப்பளித்துவிட்டு, அரை மணி நேரம் கழித்தே துலக்க வேண்டும்.

துலக்குதல்: நிறுத்தவே கூடாதது

பழைய துலக்கியைத் தூக்கி எறிந்துவிட்டு, மென்மையான இழைகள் கொண்ட சிறிய தலையுள்ள துலக்கி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சிகிச்சை செய்த பக்கத்தை அன்றிரவு துலக்கியால் இலேசாக ஒத்தினால் போதும். மற்றப் பக்கத்தை வழக்கம்போல் துலக்க வேண்டும். மறுநாள் காலையிலிருந்து எல்லாப் பல்லையும் துலக்க வேண்டும்; இரத்தம் வந்தாலும் துலக்க வேண்டும். இரத்தம் வருகிறதே என்று விட்டுவிட்டால், அழுக்குப் படலம் அங்கேயே தங்கி இரத்தம் இன்னும் கூடுதலாக வரும். அந்தப் படலம் ஒன்றிரண்டு நாளிலேயே சுண்ணாம்பேறத் தொடங்கிவிடுகிறது. இறுகிய பின் துலக்கியால் அதை அசைக்க முடியாது.

துலக்கும் முறை இதுதான். இழைகளின் நுனி பாதி பல்லின்மேலும் பாதி ஈறின் விளிம்பின்மேலும் இருக்குமாறு, 45 பாகைச் சாய்வில் துலக்கியை வைக்க வேண்டும். மேற்பல்லானால் இழைகள் மேல்நோக்கியும் கீழ்ப்பல்லானால் கீழ்நோக்கியும் இருக்கும். வைத்த இடத்திலேயே, ஒரு பல்லின் அகலத்துக்கு மேல் நகராமல், மென்மையாக அதிர்வது போலப் பத்துப் பதினைந்து முறை அசைக்க வேண்டும். பிறகு துலக்கியை உருட்டி விளிம்பிலிருந்து பல்லின் நுனிக்கு இழுத்து, அடுத்த இரண்டு மூன்று பல்லுக்குப் போக வேண்டும். இதனை வகுத்தவர் பாஸ் என்னும் அமெரிக்க மருத்துவர் என்பதால் பல் மருத்துவர்கள் ‘பாஸ் முறை’ என்பார்கள். துலக்கியைக் கைப்பிடி முழுவதும் அடங்கப் பற்றாமல், பேனா பிடிப்பதைப் போல விரல் நுனிகளால் பிடித்தால் அழுத்தம் தானே குறையும். பாத்திரம் விளக்குவது போல இடமும் வலமும் இழுத்துத் தேய்ப்பவர்களுக்கு இது முதல் நான்கைந்து நாள் பல் துலக்கிய நிறைவையே தராது.

பற்களுக்கு இடையில் துலக்கி புகாது. அங்கேதான் பைகள் மிகுதி. புட்டி கழுவும் தூரிகையைச் சிறு ஊசியளவுக்குக் குறுக்கினாற்போன்ற ‘இன்டர்டென்டல் பிரஷ்’ மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. பல அளவுகளில் வருவதால் எந்த இடைவெளிக்கு எந்த அளவு என்பதை மருத்துவரிடமே காட்டிக் கேட்டுக்கொள்ள வேண்டும். அழுத்தாமல் உள்ளே போய், போகும்போது இழைகள் இருபுறமும் உரச வேண்டும். தூரிகையின் நடுக்கம்பி பல்லில் உரசினால் அது பெரிய அளவு. ஈறின் நோவு தணிந்தபின், பொதுவாக ஒரு வாரத்துக்குள், நாளுக்கு ஒருமுறை இரவில் இதைச் செய்யலாம். இடைவெளியே இல்லாத இடத்துக்கு மட்டும் பல்நூல் போதும்.

‘ஆலும் வேலும் பல்லுக்குறுதி’ என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆயினும் ஈறு ஆறும்வரை குச்சியின் நாரும், பற்பொடியின் சொரசொரப்பும், உப்பையும் கரியையும் விரலில் தொட்டுத் தேய்ப்பதும் வேண்டாம். கிராம்பெண்ணெயைக் கலக்காமல் ஈறில் தடவினால் தோல் வெந்துவிடும்.

கொப்பளித்தல்

மரத்தது தெளிந்தபின், ஒரு தம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, நாளுக்கு மூன்று நான்கு முறை கொப்பளிக்கலாம். கன்னம் உப்பக் கலகலவென்று அடிக்காமல், வாயில் வைத்துத் தலையை இருபுறமும் சாய்த்துவிட்டு வெளியே விட்டால் போதும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதை விழுங்காதிருக்க வேண்டும்.

குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு மருந்தை எழுதித் தந்திருந்தால், 0.2 விழுக்காட்டு மருந்தில் 10 மில்லிலிட்டர், காலையும் இரவும் ஒரு நிமிடம் என்பது வழக்கமான அளவு. பலர் செய்யும் தவறு, துலக்கிய வாயோடு உடனே இதைக் கொப்பளிப்பது. பற்பசையிலுள்ள நுரைப்பொருள் இந்த மருந்தின் வேலையைக் கெடுத்துவிடும். இடையே அரை மணி நேரமாவது இருக்க வேண்டும். கொப்பளித்தபின் கசப்பைப் போக்கத் தண்ணீரால் அலசினால் மருந்தும் போய்விடும். நாக்கில் சுவை சில நாள் மங்கும், பல்லில் பழுப்புக் கறை படியும்; காபியும் தேநீரும் அந்தக் கறையைக் கூட்டும். ஆகவே சொன்ன நாட்களுக்கு மேல், பொதுவாக இரண்டு வாரத்துக்கு மேல், நல்லதுதானே என்று தொடரக் கூடாது.

கூச்சம், இடைவெளி, அசைவு

முதல் வாரத்தில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் மின்னல் வெட்டியதுபோலக் கூசும். காரை இத்தனை காலம் வேருக்குப் போர்வையாக இருந்தது. அது போனபின், வேர்ப்பரப்பிலுள்ள கண்ணுக்குத் தெரியாத நுண்குழல்கள் திறந்திருக்கின்றன; குளிரோ காற்றோ இனிப்போ பட்டதும் அவற்றினுள்ளே இருக்கும் நீர்மம் அசைந்து நரம்பைத் தொடுகிறது. ‘எனாமல் போய்விட்டது’ என்று சொல்வது தவறு. வேரில் எனாமல் முதலிலேயே கிடையாது. 5 விழுக்காடு பொட்டாசியம் நைட்ரேட் உள்ள கூச்சத்துக்கான பற்பசையை நாளுக்கு இருமுறை பயன்படுத்தி, துலக்கியபின் நுரையைத் துப்பிவிட்டுத் தண்ணீரால் அலசாமல் விட வேண்டும். படுக்குமுன் சிறிது எடுத்துக் கூசும் இடத்தில் விரலால் தடவியும் வைக்கலாம். இரண்டு வாரத்துக்குள் பயன் தெரியாவிட்டால் பசையை மாற்றாதீர்கள். இன்னும் இரண்டு வாரம் பாருங்கள். அதன்பின்னும் குறையாவிட்டால் மருத்துவர் ஃபுளோரைடு வார்னிஷ் பூசுவார்.

இடைவெளியும் அவ்வாறே. பற்களுக்கு நடுவே முக்கோணமாக ஒரு கறுப்பு இடம் தெரியும். பேசும்போது காற்றுப் போவதுபோல இருக்கும். ஈறு வீங்கியிருந்தபோது அந்த இடத்தை வீக்கம் அடைத்திருந்தது, மீதியைக் காரை அடைத்திருந்தது. இரண்டும் போனபின் தெரிவது, பல்லைத் தாங்கும் எலும்பில் நோய் முன்பே கரைத்துவிட்ட அளவு. அந்த எலும்பு இந்தச் சிகிச்சையால் பழையபடி வளர்ந்துவிடும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இனியும் கரையாமல் காப்பதே நோக்கம்.

பல் அசைவதற்கும் காரணம் இதுவே. காரை பல்லைப் பல்லோடு சிமென்ட் போலப் பிணைத்திருந்தது. ஈறு இறுக இறுக இலேசான அசைவு குறையும். நாக்கால் தள்ளித் தள்ளிச் சோதிக்காமல் இருந்தால் விரைவில் குறையும்.

புகையும் வெற்றிலையும்

பீடியும் சிகரெட்டும் ஈறின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுவதால் ஆற வேண்டிய இடத்துக்கு இரத்தம் சரியாகப் போவதில்லை. புகைப்பவரின் ஈறில் இரத்தம் குறைவாகக் கசிவது நலத்தின் அடையாளமன்று. நோயை மறைக்கும் அடையாளம். குறைந்தது மூன்று நாள் தொடாதிருங்கள். மூன்று நாள் முடிந்தவருக்கு நான்காம் நாளும் முடியும் என்பதையும் நினைவிற்கொள்ளலாம். வெற்றிலை போடுபவர்களுக்கு இருவகைத் தொல்லை உண்டு: சுண்ணாம்பு புண்ணான ஈறைச் சுடும், பாக்கின் நார் பைக்குள் சிக்கும். புகையிலை சேர்ந்தால் சொல்லவே வேண்டாம்.

உடனே போக வேண்டிய நிலைகள்

அரை மணி நேரம் விடாமல் அழுத்தியும் இரத்தம் நிற்காதிருந்தாலும், மூன்றாம் நாளுக்குப் பின் வலி குறையாமல் கூடினாலும், காய்ச்சலோ சீழோ கன்னத்தில் வீக்கமோ தோன்றினாலும், மறுநாளும் உதடு மரத்தே இருந்தாலும், அடுத்த அமர்வு நாள் வரட்டும் என்று காத்திராமல் மருத்துவரிடம் போக வேண்டும். விழுங்கவோ மூச்சுவிடவோ வாயைத் திறக்கவோ முடியாதபடி வீங்கினால் பல் மருத்துவமனையைத் தேடிக்கொண்டிராமல் அருகிலுள்ள அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கே போக வேண்டும்.

மறு அளவு

நான்கு முதல் ஆறு வாரத்தில் மறுபடி வரச் சொல்லியிருப்பார்கள். அதற்கு முன்னரே அளந்தால் கம்பி புதிதாக ஒட்டிய இடத்தைப் பிரித்துவிடக்கூடும் என்பதால்தான் இத்தனை இடைவெளி. ‘வலியில்லையே, எதற்கு’ என்று இந்த நாளைத் தவறவிடுவோரே மிகுதி. ஈறு நோய் பெரும்பாலும் வலிக்காது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். முன்பு வாங்கி வைத்த எண்களின் தாளை அன்று எடுத்துப் போங்கள். 5 என்றிருந்த இடம் 3 ஆகியிருந்தால், கம்பி பட்டும் இரத்தம் வராதிருந்தால், அந்த இடம் ஆறிவிட்டது. 6-ம் அதற்கு மேலும் அப்படியே நிற்கும் ஓரிரு இடங்களுக்கு மட்டும் மறுபடி சுத்தம் செய்வதா, ஈறைத் திறந்து செய்யும் சிறு அறுவை தேவையா என்பதை ஈறு நோய் மருத்துவர் முடிவு செய்வார். தனியார் செலவு தாங்காதவர்கள் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலுள்ள ஈறு நோய்ப் பிரிவுக்குப் போகலாம். கூட்டம் இருக்கும், காலையிலேயே சீட்டுப் போட்டுவிட வேண்டும்.

பைக்குள் நுண்ணுயிர்கள் சில வாரங்களில் மறுபடி குடியேறத் தொடங்குவதால், முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பராமரிப்புச் சுத்தம் தேவைப்படும். இதற்குப் பெரும்பாலும் ஊசி தேவையில்லை. புறப்படும்போதே அடுத்த தேதியைக் கேட்டு, அதே எண்களின் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.